இட்லி மாவும் இங்கிலீஷ் வார்த்தையும்

"சார், எம் மவ இங்கிலீஷ்ல மார்க்கே வாங்க மாட்டுக்கா. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

வங்கிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் மும்பையில் தமிழ் பேசுகிற ஆபீசர் என்று தெரிந்துவிட்டால் போதும். ரேஷன் கார்டு முதல் கல்யாண ஜாதகம் வரை எல்லாம் நம் மேஜைக்கு வந்துவிடும் :-)

கேட்டவர் தாராவிக்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டிலேயே இட்லி அவித்து மொத்தமாகக் கொடுக்கிற தொழில். காலையில் சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை "பாம் பாம்" என்று அடித்தபடி இட்லி விற்கிறவர்களை மும்பைவாசிகள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த இட்லியில் நிறைய இப்படித் தாராவி வீடுகளில் வெந்து வருவதுதான். புது கிரைண்டர் வாங்க முத்ரா கடன் கேட்டு வந்திருந்தார். ஐம்பதாயிரத்துக்குள் என்பதால் 'சிசு' பிரிவு. கையெழுத்தெல்லாம் போட்டு முடித்துவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மேலே சொன்ன கேள்வி. இது 2023 ஜூலையில்.

மகள் மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம். பள்ளியில் கூப்பிட்டு, "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை, இனி வீட்டில் இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எவ்வளவு நேரம் சார் பேச? கம், கோ, ஈட், ஸ்லீப். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? அதான் இப்பல்லாம் அவகிட்ட ரொம்பப் பேசிக்கிடறதில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கினேனே தவிர, மனதில் வாங்கவில்லை. 20-க்கு 9 மார்க் என்பதுதான் என் கண்ணில் பட்டது. "ஞாயிற்றுக்கிழமை வர்றேன்க்கா, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் படித்தது பி.காம். எதையும் கணக்காகத்தான் பார்க்க வரும். ஒரு நாளைக்கு 10 வார்த்தை, வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 3,000 வார்த்தை. ரெக்கரிங் டெபாசிட் மாதிரி மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் முதிர்வுத் தொகை வந்துதானே ஆக வேண்டும்? மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் பிள்ளைகளுக்கான வார்த்தைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து பஸ் பிடித்து சயானில் இறங்கி, 90 அடி சாலைப் பக்கம் நடந்து போய்ச் சேர்ந்தேன். வீடு என்றால் ஒரே அறை. பாதி அறைக்கு இட்லிப் பானையும் கிரைண்டரும். மீதிப் பாதியில் குடும்பம்.

பிள்ளை நல்ல சூட்டிகை. கொடுத்ததை எல்லாம் மனப்பாடம் செய்தாள். "ஆர்ச்சர்ட்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக் கூட்டுவாள். அர்த்தத்தையும் புத்தகத்தில் உள்ளபடியே இங்கிலீஷில், பழமரங்கள் நடப்பட்ட நிலம் என்று ஒப்பிப்பாள். நான்காவது வாரம் என்னைக் கேட்டாள்.

"அங்கிள், பிளான்டட்னா என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தெரியாத வார்த்தைக்கு இன்னொரு தெரியாத வார்த்தையை அர்த்தமாக வைத்து, இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். கள்ள நோட்டுக்குச் சில்லறையாகக் கள்ள நோட்டே கொடுத்த கதை. அன்றைக்கு நாலு வாரத்துப் பட்டியலை முழுவதும் கேட்டுப் பார்த்தேன். 280 வார்த்தையில் அர்த்தத்தோடு தங்கியிருந்தவை 31. மறதியைப் பற்றி 1885-லேயே ஜெர்மனியின் எபிங்ஹாஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர். நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததும் பொருளில்லாத அசைகளைத்தான்.

கிளம்புகிற நேரம். இட்லிப் பானையிலிருந்து ஆவி குப்பென்று வந்தது. "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றேன். தெரியவில்லை. ஊற வைத்த அரிசியைக் காட்டினேன். 'சோக்' தெரியவில்லை. அரைப்பது, மூடி, கரண்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் எக்ஸ் என்ற எழுத்துக்கு 'சைலஃபோன்' தெரியும். அந்த வாத்தியத்தை அவளும் பார்த்ததில்லை, அவள் அம்மாவும் பார்த்ததில்லை. (நான் மட்டும் பார்த்திருக்கிறேனா என்ன!)

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒன்று உறைத்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் ஓபனிங் பேலன்ஸ் பார்ப்போம். இந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லையே?

அடுத்த ஞாயிறு புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, "வீட்டில் தமிழ் பேசும்போதே கலந்து வருகிற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லு" என்றேன். பஸ், டிக்கெட், லைட், ஃபேன், ஸ்விட்ச், சார்ஜர், குக்கர், பிளேட்... பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவும் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். கேஸ், சிலிண்டர், ஸ்டவ், மோட்டார், மீட்டர், பில், பார்சல், ஆர்டர், பேலன்ஸ், பாஸ்புக், லோன், டியூ. ஒரு மணி நேரத்தில் 163 வார்த்தை. அதில் பாதிக்கு மேல் அம்மா சொன்னவை!

"எனக்கு இங்கிலீஷே தெரியாதுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்று அந்த அம்மா சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் சமையலறையையே பாடமாக வைத்துக்கொண்டோம். நான் இங்கிலீஷ் வார்த்தை சொல்வதற்கு முன்னால், அம்மா அந்த விஷயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். இதுதான் நிபந்தனை. முதலில் தயங்கினார். "டீச்சர் வையும் சார்" என்றார். நான் பொறுப்பு என்றேன். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்...

"ஏட்டி, இந்த மாவு இருக்கே, இதுக்கும் குளிரும்லா? டிசம்பர், ஜனவரில சீக்கிரம் பொங்காது. சாக்கப் போட்டு மூடி, அடுப்புக்குப் பக்கத்துல வைக்கணும். வெயில் காலத்துல கொஞ்சம் அசந்தா பானையத் தாண்டி ஓடிரும். உளுந்து நுரைக்க ஆட்டலன்னா இட்லி கல்லு மாதிரி வந்திரும்..."

பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்த மாவுப் பக்கத்தில்தான் தூங்குகிறாள். அதைப் பற்றி அம்மா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கேள்வி மேல் கேள்வி. ஏன் பொங்குது? உள்ள யாரு இருக்கா? ராத்திரி பூரா என்ன பண்ணுது? அந்தக் கேள்விகளுக்குப் பின்னாலேயே வார்த்தைகளைக் கொடுத்தேன். ஊறுவது சோக். அரைப்பது கிரைண்ட் (கிரைண்டர் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறதே!). கரைத்த மாவு பேட்டர். ஆவி ஸ்டீம். பொங்கி எழுவது ரைஸ்.

"அரிசியும் ரைஸ், பொங்குறதும் ரைஸா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டும் ஒன்றில்லை, அரிசிக்குக் கடைசி ஒலி பாம்பு சீறுகிற மாதிரி, பொங்குவதற்கு வண்டு ரீங்கரிக்கிற மாதிரி என்று தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வண்டு ஒலிக்குத் தொண்டை அதிரும், பாம்பு ஒலிக்கு அதிராது. தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, காதில்தான் வாங்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவளே ஐந்து வரி எழுதினாள். அதில் இரண்டு வரி: "தி பேட்டர் ஸ்லீப்ஸ் அட் நைட். இன் தி மார்னிங் இட் ரைஸஸ் பிகாஸ் இட் இஸ் வார்ம்." யாரும் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இல்லை. அவள் வீட்டு மாவு, அவள் வாக்கியம்.

நிற்க. நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பிறகு தேடிப் படித்ததில், இதையெல்லாம் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தது. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதியிருக்கிறார். இரண்டு மொழிகளும் தலைக்குள் தனித்தனிப் பெட்டிகளாக இருப்பதில்லை, அடியில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. தாய்மொழியில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால், இரண்டாவது மொழியில் அதற்கு ஒரு பெயரை மட்டும் ஒட்டினால் போதும். விஷயமே புரியாவிட்டால் பெயரை எதில் ஒட்டுவது? யுனெஸ்கோ 1953-ல் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையும் முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது.

அதற்காக எல்லோரும் தமிழ் மீடியத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஆனாலும் இட்லி அவித்துச் சம்பாதிக்கிற காசில் ஃபீஸ் கட்டி ஏன் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வங்கியில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேனே, இங்கிலீஷ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நிற்கிறவர்களை. அந்த நிலைமை மகளுக்கு வரக்கூடாது என்று அந்த அம்மா நினைப்பதில் என்ன தப்பு?

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. "வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள்" என்ற ஒரே அறிவுரை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. மாட்டுங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே பள்ளி ஆரம்பித்தது 1932-ல். மூன்று, நான்கு தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்து, வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிற குடும்பங்கள் அங்கே நிறைய. அந்த வீடுகளில் இங்கிலீஷுக்கு மாறினால் மொழிதான் மாறும், பேச்சு நிற்காது. தாராவி அறையில் பேச்சே நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்குத் தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ், மராட்டியும் கட்டாயப் பாடம். முழுசாக, நீளமாக, காரணத்தோடு யாராவது அவளிடம் பேசுகிறார்கள் என்றால் அது அம்மா மட்டும்தான், தமிழில். அந்த ஒரு வாயையும் அடைத்துவிட்டு, பிள்ளைக்கு வார்த்தை வரவில்லை என்றால் எப்படி வரும்?

சரி, எங்களுக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாருக்காவது உபயோகப்படலாம்.

முதலில் சின்ன வார்த்தைகள். 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளப் பிள்ளைகளின் இங்கிலீஷ் பாடப் புத்தகங்களில் அரிதான வார்த்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைக் கவனித்து, அடிக்கடி புழங்கும் வார்த்தைகளை வைத்தே வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியல் சுமார் 2,000 வார்த்தைதான். அமெரிக்காவில் எட்வர்ட் டால்ச் 1936-ல் தொகுத்த பட்டியல் இன்னும் சின்னது, 220 வார்த்தை. அதில் பெயர்ச்சொல்லே கிடையாது. பிகாஸ், பிஃபோர், ஆஃப்டர், விச், டுகெதர் மாதிரி வார்த்தைகள்தான். நம் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டதும் இவற்றில்தான். தமிழில் "சாப்பாட்டுக்கு முன்னால்" என்று பின்னால் வருவது, இங்கிலீஷில் முன்னால் போய் உட்காரும். "பிஃபோர் லஞ்ச்". பானைக்கு உள்ளே, அடுப்புக்கு மேலே, மூடிக்குக் கீழே என்று கையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு விளையாட்டாகவே இதைப் பழகிவிடலாம்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை போதும். பத்து வேண்டவே வேண்டாம். அதைத் திரும்பப் பார்ப்பதுதான் முக்கியம். மூன்று மிட்டாய் டப்பா எடுத்துக்கொண்டோம். துண்டுச் சீட்டில் ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அவளே வரைந்த படம். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒரு தடவை, மூன்றாவதை வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பினால் மறுபடியும் முதல் டப்பா. இது 1970-களில் ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன முறை. வட்டி மேல் வட்டி என்பது உண்மையில் இங்கேதான் வேலை செய்கிறது.

மூன்றாவது, ஒரே கதையை இரண்டு மொழியிலும் படிப்பது. சென்னையில் துலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற படக்கதைகள் போடுகிறது. காசு செலவழிக்க முடியாதவர்களுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கிறது. 2015-லிருந்து நடக்கிறது, கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். அம்மா எழுத்துக் கூட்டித் தமிழில் படிப்பார், மகள் அதே பக்கத்தை இங்கிலீஷில் படிப்பாள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றே தெரியாது.

நடுநடுவே கொஞ்சம் பெருமையும் சேர்த்துக்கொள்ளலாம். 'கேட்டமரான்' நம் கட்டுமரம், 'மல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர் என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப நம்மகிட்டயும் அவங்க கடன் வாங்கியிருக்காங்களா அங்கிள்?" என்றாள். ஆமாம் பாப்பா, திருப்பித் தராத கடன். (அந்தக் காலத்துச் செப்புக் காசுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த 'கேஷ்' என்ற பெயரும் நம் 'காசு'தான். கவுண்டரில் நாங்கள் சொல்லும் 'கேஷ்' மட்டும் பணப்பெட்டி என்று பொருள்படும் வேறு ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. இத்தனை வருஷம் எண்ணிக்கொண்டிருந்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்தது.)

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. 20-க்கு 9 வாங்கியவள் வருஷக் கடைசியில் 13 வாங்கினாள். இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஸ்பெல்லிங்கில் இன்னும் தகராறுதான். ஆனால் புதிதாக ஒரு வார்த்தை பார்த்தால் பயப்படுவதில்லை, "அப்படின்னா என்ன?" என்று கேட்கிறாள். ராத்திரி மாவு ஆட்டும்போது அம்மாவும் மகளும் பேசுகிற சத்தத்தில் தனக்குத் தூக்கமே வரவில்லை என்று அப்பா செல்லமாக அலுத்துக்கொள்கிறார்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

என் பையனுக்கு இப்போது 17 வயது. கேஜி அட்மிஷன் சமயத்தில் எங்களுக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. எனக்கும் மனைவிக்கும் இங்கிலீஷ் தெரியும், அதனால் மாறுவதில் கஷ்டம் ஏதும் இருக்கவில்லை. செம்பூர் வீட்டில் ஒரே ராத்திரியில் தமிழ் நின்றுபோனது. பையன் நன்றாகப் படிக்கிறான், இங்கிலீஷ் அருவி மாதிரி கொட்டும். ஆனால் ஊரிலிருந்து என் அம்மா போன் செய்தால், "நல்லா இருக்கீங்களா ஆச்சி? சாப்பிட்டீங்களா ஆச்சி?" இரண்டே வாக்கியம். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிடுவான். "பேரன் எங்கிட்டப் பேச மாட்டுக்கான்டா" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "படிப்பு ஜாஸ்திம்மா" என்று சமாளித்திருக்கிறேன். இங்கிலீஷுக்கு நாங்கள் கொடுத்த விலை அது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த விலையை யாரும் கேட்கவே இல்லை, நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்பது தாராவி வீட்டில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வேண்டிய வார்த்தைகள் தமிழ் பேசிக்கொண்டே வந்திருக்கும்.

போன தீபாவளிக்கு அம்மா போன் செய்தபோது பையனிடம் சொன்னேன், "ஆச்சிகிட்ட, இட்லி மாவு ஏன் பொங்குதுன்னு கேளு." விழித்தான். ஆனாலும் உடைந்த தமிழில் கேட்டான். ஸ்பீக்கரில் போடவில்லை, அதனால் அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பையன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு தடவை "சாக்குன்னா என்ன ஆச்சி?" என்றான்.

அன்றைக்குப் பேச்சு பதினெட்டு நிமிஷம்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வார்த்தைப் புத்தகம் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதற்காக வீட்டில் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.